பைபோலாரோடு குடும்பம் நடத்த: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

மருத்துவர் சீட்டில் ‘பி.பி.ஏ.டி.’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஏதோ ரத்தக்கொதிப்பு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அது பைபோலார் நோயின் மருத்துவச் சுருக்கெழுத்து. இருமுனைக் கோளாறு, இருதுருவ மனநோய் என்றெல்லாம் எழுதுவார்கள். வீட்டில் பைபோலார் என்றே சொல்லிக்கொள்ளலாம். பெயர் எளிதாக வாயில் வந்தால்தான் அதைப் பற்றிப் பேச முடியும்.

பள்ளிக்குப் போகும் குழந்தையோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்தப் பெயர் புதிதாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். நோய் உள்ளவரும் துணைவரும் சேர்ந்து படித்தால் நல்லது. நிலை தெளிவாக இருக்கும் நாளில் படியுங்கள். இதில் சொல்லும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அந்த நாட்களில் மட்டுமே செய்ய முடிந்தவை.

எதை எதோடு குழப்பிக்கொள்கிறோம்

மனநிலை யாருக்கும் ஏறி இறங்கும். பைபோலாரில் அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே பக்கம் போய் நின்றுவிடும். மேனியா என்கிற ஏற்றம் ஒரு வாரமாவது நீடிக்கும். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பு இருக்காது, பேச்சு நிற்காது, ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்குவார், பணம் தண்ணீராய் ஓடும், தடுத்தால் சீறுவார். முற்றினால் தனக்கு விசேஷ சக்தி வந்திருக்கிறது என்ற நம்பிக்கையும், இல்லாத குரல்களும் வரலாம். இதன் மெலிந்த வடிவம் ஹைப்போமேனியா. அது நான்கு நாளாவது இருக்கும். இறக்கம் என்கிற மனச்சோர்வு இரண்டு வாரமாவது இருக்கும். பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். முழு மேனியா ஒருமுறையாவது வந்திருந்தால் முதல் வகை. ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் வந்திருந்தால் இரண்டாம் வகை.

குடும்பம் ஏமாறுவது ஹைப்போமேனியாவில்தான். நான்கு மாதம் படுக்கையை விட்டு எழாதவர் ஒருநாள் விடியற்காலை எழுந்து பரணைச் சுத்தம் செய்கிறார், தெருவுக்கே முறுக்கு சுடுகிறார், தையல் கடை போடப் போவதாகச் சொல்கிறார். ‘அப்பாடா, பழைய ஆளாயிட்டா’ என்று வீடு மூச்சு விடுகிறது. அதே வாரத்தில் மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துத்தான் பார்ப்பார்கள், நகை அடகுக்கடைக்குப் போன பிறகு.

இன்னொரு குழப்பமும் உண்டு. மனச்சோர்வோடு பொது மருத்துவரிடம் போனால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதித் தருவார். பைபோலார் உள்ளவருக்கு, மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து இல்லாமல் அதைத் தனியாகக் கொடுத்தால் ஏற்றத்துக்குத் தள்ளிவிடக்கூடும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாமல் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும் முன்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு கிடைக்கும்; மருந்து இலவசம். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794 முதல் இருக்கிறது. உள்நோயாளி வசதி தேவைப்பட்டால் அங்கே போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறித்த நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவதுண்டு. எந்த நாள் என்று உங்கள் ஊர் மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அதனால் ஒரு பக்கத் தாள் எழுதிக்கொண்டு போங்கள். எந்த வயதில் முதல் முறை வந்தது, ஏற்றம் எத்தனை, இறக்கம் எத்தனை, எந்த மாதங்களில், எந்த மருந்து எந்த அளவில் கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, ரத்த உறவில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா, வேறு என்ன மாத்திரைகள் போடுகிறீர்கள், குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா. கடைசிக் கேள்வியை மருந்து எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது. முதல் சந்திப்பில் துணைவரும் கூட இருக்கட்டும். ஏற்றத்தில் இருந்தவருக்கு அது ஏற்றமாகத் தெரிந்திருக்காது.

லித்தியம்: கொஞ்சம் விரிவாக

பைபோலார் மருந்துகளில் பழையதும், இன்றும் முன்வரிசையில் நிற்பதும் லித்தியம்தான். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை எழுதினார். தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் இதற்கு நல்ல சான்று உண்டு. விலையும் குறைவு. ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையே இடைவெளி சிறியது. அதனால்தான் ரத்தப் பரிசோதனை.

நீண்டகாலச் சிகிச்சையில் ரத்த அளவு (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரை வைக்கப்படும். ஏற்றம் இருக்கும்போது 1.0 வரை போகலாம். 1.5-ஐத் தாண்டினால் விஷமாகத் தொடங்கும். முதியவர்களுக்கு அதற்குக் கீழேயே தொல்லை வரலாம். பரிசோதனையில் அடிக்கடி நடக்கும் தவறுகளைச் சொல்லிவிடுகிறோம்.

ரத்தம், கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும். இரவு 9-க்குப் போட்டால் காலை 9-க்கு ரத்தம். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டுப் போய்க் கொடுத்தால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும், மருத்துவர் மருந்தைக் குறைப்பார், நோய் திரும்பும். அளவு மாற்றினால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்துத்தான் பரிசோதிக்க வேண்டும், அதற்கு முன் அளவு நிலைபெறாது. இன்னொன்று, பரிசோதனைக் கூடத்துக்காரர் லித்தியம் ஹெப்பாரின் கலந்த குழாயில் ரத்தம் பிடித்துவிட்டால் எண் தாறுமாறாக ஏறும். ‘லித்தியம் பார்க்கத்தான், ஹெப்பாரின் குழாய் வேண்டாம்’ என்று சொல்லுங்கள். கேலியாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

அளவு நிலைபெற்ற பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், ஆண்டுக்கு ஒருமுறை கால்சியமும் பார்க்க வேண்டும்.

இனி சமையலறையும் வெயிலும். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். ஆகவே வீட்டில் யாருக்கோ ரத்தக்கொதிப்பு என்று குழம்பில் திடீரென உப்பைக் குறைக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வெளிவேலை செய்தால் மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். என்று கூடுதலாகக் குடியுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு, மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டாம். நோன்பு வைப்பவர்கள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மருந்துக்கடையில் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் லித்தியம் அளவை ஏற்றும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ரத்தக்கொதிப்பு மருந்துகளில் எனாலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவையும் ஏற்றும். பொது மருத்துவர் இவற்றை எழுதினால் ‘நான் லித்தியம் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். காபியை ஒரேயடியாக நிறுத்தினாலும் அளவு ஏறலாம். விட நினைத்தால் படிப்படியாக விடுங்கள்.

கை மெல்ல நடுங்குவது, தாகம், அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை பலருக்கும் வரும் தொல்லைகள். அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். டம்ளரைப் பிடிக்க முடியாதபடி பெரிதாக நடுங்குவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல், வாந்தியோடு வயிற்றுப்போக்கு, மயக்கம் ஆகியவை விஷமாகிவிட்டதன் அறிகுறிகள். அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கக் கலக்கம் என்று படுக்க வைத்துவிடாதீர்கள்.

மற்ற மருந்துகள், சுருக்கமாக

வால்ப்ரோயேட் ஏற்றத்தை வேகமாக அடக்கும். ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு இது மிக ஆபத்து. ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல் வரலாம். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு இதை எழுதினால் மாற்று உண்டா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள். கார்பமாஸெபைன் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

லாமோட்ரிஜின் இறக்கத்தைத் தடுக்க உதவும். தினம் 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். வால்ப்ரோயேட்டும் கூட இருந்தால் அதிலும் பாதி. அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் கொப்புளம் வரலாம். உடம்பில் தடிப்பு கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மீண்டும் போடக் கூடாது. மருத்துவரிடம் கேட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒலான்ஸபின், க்வெட்டியாபின் போன்றவற்றால் எடையும் சர்க்கரையும் ஏறும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். இரவு பத்தரைக்கு க்வெட்டியாபின் போட்டுவிட்டுக் காலை ஐந்தரைக்கு டிபன் கட்ட எழ முடியவில்லை என்றால் மருந்தை விட்டுவிட வேண்டியதில்லை. எட்டு மணிக்கே போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

நோய் திரும்புவதற்கு மிகப் பொதுவான காரணம், ‘சரியாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை’ என்று நிறுத்துவதுதான். லித்தியத்தைச் சட்டென நிறுத்தினால் மேனியா வரும் வாய்ப்பு கூடும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் மருத்துவர் மேற்பார்வையில் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக் குறைக்க வேண்டும். ஒருவேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள். ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு எழுதினாலும் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் ஏற்றத்தைக் கிளப்பும்.

தூக்கம்தான் வீட்டின் தெர்மாமீட்டர்

தூக்கம் குறைவது ஏற்றத்தின் அறிகுறி மட்டுமல்ல, காரணமும்கூட. ஓர் இரவு முழுக்க விழித்திருப்பதே சிலருக்குப் போதும். நம் ஊர் வாழ்க்கையில் இதற்குச் சந்தர்ப்பம் ஏராளம். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசிக் கண்விழிப்பு, விடிய விடியக் கல்யாண வேலை, தீபாவளிக்கு முதல்நாள் பலகாரம், ஊருக்குப் போகும் இரவுப் பேருந்து, சாவு வீடு. தைப்பூசப் பாதயாத்திரையில் வெயில், நீர்ச்சத்துக் குறைவு, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்துவிடும். லித்தியத்தில் இருப்பவருக்கு அது இரட்டை ஆபத்து.

எதற்குமே போகக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்குப் போகலாம், முந்தின இரவு மண்டபத்தில் தங்காமல் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ பத்து மணிக்குப் படுத்துவிட வேண்டும். இரவுப் பேருந்துக்குப் பதில் பகல் ரயில். சிவராத்திரியில் முதல் கால பூசையோடு வீடு திரும்பலாம். இரவு ஷிஃப்ட் வேலை என்றால் பகல் ஷிஃப்ட் கேட்க மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். மாறி மாறி வரும் ஷிஃப்ட் இன்னும் மோசம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் இரவைப் பங்கு போட வேண்டும். நோய் உள்ளவருக்கு இரவு பத்து முதல் மூன்று வரையாவது தொடர்ச்சியான தூக்கம் வேண்டும். அந்த ஐந்து மணி நேரம் குழந்தை வேறு அறையில், வேறு ஒருவர் பொறுப்பில். ‘அழுதால் எழுப்புகிறேன்’ என்ற ஏற்பாடு உதவாது. காது கொடுத்துக்கொண்டே படுப்பது தூக்கமாகாது.

அன்றாடக் கணக்குக்குத் தனி நோட்டு வேண்டாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே போதும். கட்டத்தில் மூன்று எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூக்கம், மனநிலைக்கு ஓர் எண், மாத்திரை போட்டதற்கு ஒரு டிக். எண்ணில் சைபர் என்பது சமநிலை. மேலே மூன்று வரை ஏற்றம். கழித்தல் மூன்று வரை இறக்கம். எழுத அரை நிமிடம் ஆகும். மூன்று மாதக் கட்டங்களை மருத்துவர் ஒரு பார்வையில் படித்துவிடுவார். பெண்கள் மாதவிடாய் நாளையும் குறித்தால் தொடர்பு இருக்கிறதா என்று தெரியும்.

நடைமுறைக்கு ஒரு விதி: தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியும் களைப்பு இல்லையென்றால், அன்று மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மனநிலை எப்படி என்று விவாதிக்கத் தேவையில்லை. மணியைப் பார்த்தால் போதும். அதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

தெளிவான நாளில் ஓர் ஒப்பந்தம்

ஒவ்வொருவருக்கும் நோய் தொடங்கும் விதம் தனி. ஒருவர் பழைய நண்பர்களுக்கெல்லாம் நள்ளிரவில் போன் போடத் தொடங்குவார். ஒருவர் திடீரென்று பளிச்சென்ற நிறத்தில் புடவை எடுப்பார். ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று தொழில்களுக்குத் திட்டம் போடுவார். இறக்கத்தில் ஒருவர் குளிப்பதைத் தள்ளிப்போடுவார், ஒருவர் போனை எடுக்கமாட்டார். கணவனும் மனைவியும் உட்கார்ந்து, கடந்த முறைகளை நினைத்துப் பார்த்து, ஏற்றத்துக்கு நான்கு, இறக்கத்துக்கு நான்கு என்று எழுதுங்கள். பக்கத்திலேயே, அது தெரிந்தால் யார் என்ன செய்வது என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதும் அதில் இருக்கட்டும். ‘உனக்கு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு’ என்றால் சண்டைதான் வரும். ‘நம்ம தாள்ல எழுதினதுல ரெண்டாவது தெரியுது, டாக்டருக்குப் போன் போடலாமா?’ என்பது வேறு பேச்சு. இதை யார் சொன்னால் கேட்பார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சில வீடுகளில் மனைவி சொல்லி எடுபடாதது அக்கா சொன்னால் எடுபடும். மற்ற நேரங்களில் சாதாரணக் கோபத்தையும் சாதாரணச் சிரிப்பையும் நோய்க் கணக்கில் எழுதாமல் இருப்பது துணைவரின் பங்கு. ‘மாத்திரை போட்டியா?’ என்பது எல்லாச் சண்டைக்கும் பதிலாகிவிட்டால், ஒப்பந்தம் கிழிந்துவிடும்.

ஏற்றம் முற்றிவிட்டால் வாதம் செய்யாதீர்கள். சொற்களைக் குறையுங்கள், டி.வி.யை அணையுங்கள், வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள், வண்டிச் சாவியை எடுத்து வையுங்கள், பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள்.

பணமும் போனும்

வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு வேறு கணக்கு. சேமிப்பில் இருவர் கையெழுத்தும் சேர்ந்தால்தான் பணம் எடுக்க முடியும்படி கூட்டுக்கணக்காக வையுங்கள். ‘யாரேனும் ஒருவர்’ என்ற வகை வேண்டாம். போன் வழிப் பணம் அனுப்பும் செயலியில் அன்றாட வரம்பைக் குறைத்து வைக்கலாம். கடன் அட்டையின் வரம்பையும் வங்கியில் கேட்டுக் குறைக்கலாம். உடனடிக் கடன் தரும் செயலிகளை நீக்கிவிடுங்கள். அடகுக்கடை பக்கத்துத் தெருவில் இருப்பதால் நகை வங்கிப் பெட்டகத்திலோ அம்மா வீட்டிலோ இருப்பது நல்லது. நிலம், வண்டி, வேலையை விடுவது, கடை போடுவது போன்ற முடிவுகளுக்கு ‘இரண்டு வாரம் பொறுப்போம், இருவரும் சரி என்றால் செய்வோம்’ என்ற விதியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏற்றத்தில் வந்த யோசனை நல்ல யோசனையாகவும் இருக்கலாம். நல்லதானால் இரண்டு வாரத்தில் கெட்டுப்போகாது.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது

ஒன்றும் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தாங்களே காரணம் கண்டுபிடிப்பார்கள். ‘நான் மார்க் குறைவாக வாங்கினதால் அம்மா அழுகிறாள்’ என்பது மாதிரி. எந்த வயதானாலும் மூன்று செய்தி போய்ச் சேர வேண்டும்: இது ஒரு நோய், இது உன்னால் வந்ததில்லை, உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு: ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. சில நாள் ரொம்ப வேகமா பேசுவாரு, சில நாள் ரொம்ப சோர்ந்து இருப்பாரு. டாக்டர் மருந்து தர்றாரு. நீ பண்ண எதனாலயும் இல்லை. பாட்டி உனக்குச் சோறு ஊட்டுவாங்க.’ இதற்கு மேல் வேண்டாம்; கேட்டால் மறுபடி இதையே சொல்லுங்கள்.

பத்து வயதில் நோயின் பெயரைச் சொல்லலாம்; ஒட்டிக்கொள்ளாது என்றும் சொல்லலாம். பள்ளியில் யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்று பேசி முடிவு செய்யுங்கள். ‘யார்கிட்டயும் சொல்லக் கூடாது’ என்று வாயை அடைத்தால் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். வகுப்பு ஆசிரியர் ஒருவருக்காவது ‘வீட்டில் உடல்நிலை சரியில்லை’ என்ற அளவில் தெரிந்திருப்பது உதவும்.

பதின்வயதினர் மனதில் இருக்கும் கேள்வி, ‘எனக்கும் வருமா?’ நேராகவே பதில் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்ற அளவில். வராமல் போகும் வாய்ப்பே மிக அதிகம். கஞ்சாவும் இரவு முழுக்க விழிப்பும் அந்த ஆபத்தைக் கூட்டும், அது அவர்கள் கையில் இருக்கிறது.

செய்யக் கூடாத ஒன்று: மூத்த பிள்ளையைக் காவலுக்கு வைப்பது. அம்மா மாத்திரையை விழுங்கினாளா என்று பன்னிரண்டு வயதுப் பெண் வாயைப் பார்க்கும் வீடுகள் உண்டு. அது அவள் வேலையல்ல. யாரைக் கூப்பிடுவது என்று மூன்று போன் எண் அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இறக்க நாட்களுக்குப் பெற்றோருக்கு ஒரு குறும்பட்டியல்: மாத்திரை, பிள்ளைகளோடு ஒருவேளைச் சாப்பாடு, பள்ளி விட்டு வரும்போது வாசலில் இருப்பது, பத்து நிமிடம் வெளிச்சத்தில் நடப்பது. மற்றதெல்லாம் கூடுதல். கடையில் வாங்கிய இட்லி மாவும் மதியத்துக்குத் தயிர்சாதமும் ஒரு குறையே இல்லை. பிள்ளை பக்கத்தில் படுத்துப் படம் வரையலாம், அம்மா எழுந்து உட்காராமலே பார்க்கலாம்.

கர்ப்பம், பிரசவம்

பைபோலார் இருந்தால் குழந்தை பெறக் கூடாது என்பது தவறு. திட்டமிட்டால் நல்லபடி நடக்கும். கருத்தரிக்க நினைப்பதற்கு ஆறு மாதம் முன்பே மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். எதிர்பாராமல் கர்ப்பமானால் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வால்ப்ரோயேட் என்றால் மறுநாளே. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் லித்தியம் குழந்தையின் இதயத்தில் குறை வரும் ஆபத்தைச் சிறிதளவு கூட்டும். நிறுத்தினால் தாய்க்கு நோய் திரும்பும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் எடைபோட்டுத்தான் முடிவு. தொடர்ந்தால் லித்தியம் அளவை மாதம் ஒருமுறையும் 36-ஆம் வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். லித்தியத்தோடு தாய்ப்பால் கொடுப்பதைப் பொதுவாக மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. பிரசவத்துக்கு முன்பே அதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான காலம். முதல் வகை பைபோலார் உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கடுமையான பிரசவகால மனநோய் வரக்கூடும். தூக்கமின்மை, படபடப்பு, குழந்தையைப் பற்றிய விசித்திரமான நம்பிக்கைகள் என்று மணிக்கணக்கில் முற்றும். ‘பிரசவ ஜன்னி, பத்தியத்தில் சரியாகும்’ என்று காத்திருக்க நேரமில்லை, அது அவசரநிலை.

நம் வழக்கத்தில் முதல் பிரசவம் அம்மா வீட்டில். ஊர் மாறும், மருத்துவரும் மாறுவார். ஏழாம் மாதம் புறப்படும்போதே இரண்டு மாத மருந்து, மருத்துவரின் கடிதம், அந்த ஊரில் மனநலப் பிரிவு எங்கே என்ற விவரம் மூன்றும் பெட்டியில் இருக்கட்டும். மகப்பேறு மருத்துவருக்கும் நோய் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் குழந்தையும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் தனிப் பிரிவு இருக்கிறது.

உறவினர், கோயில், சட்டம்

எல்லாருக்கும் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. நடு இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு பேருக்கு முழுதும் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ‘மருத்துவம் பார்க்கிறோம்’ போதும். மாமியாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது வீட்டுக்கு வீடு வேறு. ஆனால் ஒரே வீட்டில் இருந்தால் மறைப்பது கடினம். மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கும் மருமகள் கொஞ்ச நாளில் மாத்திரையையே விட்டுவிடுகிறாள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போய், மருத்துவர் வாயால் சொல்ல வைப்பது பெரும்பாலும் வேலை செய்கிறது.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் தடையில்லை, மருந்து தொடர்கிற வரை. கட்டிப்போடும் இடங்களுக்கு மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

அந்தச் சட்டத்தில் குடும்பத்துக்கு உதவும் சில பிரிவுகள் உண்டு. உங்கள் சார்பில் பேசும் பிரதிநிதியாக ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். மருத்துவமனையில் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் இடம் தர வேண்டும். ஆகவே பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள், மறைத்தால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் வருகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் மாற்றுத்திறனாளி அட்டை கேட்கலாம். நன்றாக வேலைக்குப் போகிறவருக்கு அந்த அளவு வராமல் போகலாம். அரசு ஊழியருக்கு ஊனம் ஏற்பட்டதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்க முடியாது. விவாகரத்து மிரட்டல் வந்தால் இது தெரிந்திருக்கட்டும்: சேர்ந்து வாழவே முடியாத அளவுக்குக் கடுமையானது என்று நிரூபிக்காமல், நோயின் பெயரை மட்டும் காட்டி இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துப் பெற முடியாது, 1988-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து ஆகியவை வீட்டிலேயே இருக்கக் கூடாது. மாத்திரையில் ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் வெளியே. மீதி பூட்டில், சாவி துணைவரிடம். லித்தியம் அளவு மீறினால் உயிருக்கு ஆபத்து.

அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எந்நேரமும் தமிழில் பேசும், கட்டணம் இல்லை. சென்னையின் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. உடனடி ஆபத்துக்கு 108. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய நிலையில் இருப்பவரைக் காவல்துறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதும் சட்டம். லாக்கப்பில் வைக்க முடியாது. தானே வர மறுப்பவரைப் பிரதிநிதியின் விண்ணப்பத்தோடு, இரு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு, முப்பது நாள் வரை சேர்க்க வழி உண்டு.

துணைவருக்கு

வாரத்தில் ஒரு மாலை நோயைப் பற்றிப் பேசாத, வீட்டுக்கு வெளியே உள்ள மாலையாக இருக்கட்டும். நீங்களும் 14416-ஐக் கூப்பிடலாம். அது நோயாளிக்கு மட்டுமல்ல. மருத்துவமனையில் குடும்பத்தினருக்கான கூட்டம் நடக்கிறதா என்று சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். நோய் இறங்கிய பிறகு, அப்போது சொன்ன சொல்லையும் செலவழித்த பணத்தையும் ஆறு மாதம் கழித்தும் குத்திக்காட்டினால், நோய் திரும்புவதற்கு அதுவே ஒரு காரணமாகிறது. ஒருமுறை உட்கார்ந்து பேசி, கடனுக்கு வழி பார்த்து, முடித்துவிடுங்கள்.

கடைசியாக, பீரோக் கதவின் உட்புறம் ஒட்ட ஒரு தாள். நோயின் பெயர், தற்போதைய மருந்தும் அளவும் நேரமும், கடைசி லித்தியம் அளவும் தேதியும், ஒவ்வாத மருந்துகள், மருத்துவர் எண், பிரதிநிதியின் பெயரும் எண்ணும், பிள்ளைகளை யார் அழைத்துப் போவது, 14416, 108. மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கிழித்துவிட்டுத் தேதியோடு புதிதாக எழுதுங்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது போன வருட அளவு கையில் கிடைத்தால், தாள் இல்லாததைவிட அது மோசம்.